ஊர்ப் பெயரில் விற்கும் சுவை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோவில் கோபுரத்துக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பால்கோவா. இராஜபாளையம் என்றதும் அவ்வூர் நாயும், சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாம்பழங்களும் நினைவுக்கு வரும். இவ்விரு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும் ஒன்று பாலால் பெயர் பெற்றது, மற்றது பழத்தால் பெயர் பெற்றது. ஒரு விளைபொருள் ஓர் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொள்வது எவ்வாறு? அப்பெயரால் வரும் ஆதாயம் கடைவீதியோடு நின்றுவிடாமல், கறவை மாடு வைத்திருப்பவர் கைக்கும் தோப்பு வைத்திருப்பவர் கைக்கும் வந்து சேர வழி உண்டா?

இந்தக் கேள்வியை உலகில் மிக நீண்ட காலமாகக் கேட்டு, சண்டையிட்டு, ஓரளவு விடையும் கண்டவர்கள் ஐரோப்பாவின் ஒயின் திராட்சை உழவர்கள். ஆகவே அவர்களுடைய வட்டாரங்களைப் பற்றி உழவர் பெருமக்கள் தெரிந்து கொள்வது பயனுடையது. மது அருந்தும்படி சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒயினை ஒரு வேளாண் விளைபொருளாக மட்டுமே இங்கு பார்க்கிறோம்.

மண் எப்படிச் சுவையாகிறது?

ஒயினுக்கு ஏற்ற திராட்சை பெரும்பாலும் பூமியின் வடபாதியிலும் தென்பாதியிலும் 30 பாகையிலிருந்து 50 பாகை வரையுள்ள பகுதிகளில் விளைகிறது. அங்கு குளிர்காலம் உண்டு. கொடி இலையை உதிர்த்துவிட்டு உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், கோடையில் காய்த்து இலையுதிர் காலத் தொடக்கத்தில் பழுக்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. நமது இராஜபாளையம் ஏறத்தாழ 9½ பாகையில் இருக்கிறது. இங்கு கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்துக் கத்தரியால்தான் நாம் அதை உறங்க வைத்து எழுப்புகிறோம்.

ஒயின் வட்டாரங்களைப் பார்க்கப் போகும் நம்மவர் எவருக்கும் முதலில் வியப்பளிப்பது, அங்குள்ள நிலங்கள் நம் கண்ணுக்கு நல்ல நிலமாகத் தோன்றாமைதான். பிரான்சின் வடகோடியில் உள்ள ஷாம்பெயின் பகுதியில் மேல்மண்ணுக்கு அடியில் வெறும் சுண்ணாம்புப் பாறை. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் பலகைக்கல் சிதறிய செங்குத்துச் சரிவு. அதில் நின்று கவாத்து செய்வதே கடினம். போர்ச்சுகல் நாட்டின் டோரோ பள்ளத்தாக்கில் ஏடு ஏடாகப் பிளக்கும் கற்பாறை. அதை உடைத்துப் படிப்படியாக வரப்புக் கட்டி வைத்திருக்கிறார்கள். பொர்தோ பகுதியின் பெயர் பெற்ற தோட்டங்கள் பல கூழாங்கல் மேட்டில் உள்ளன. நெல்லுக்கும் வாழைக்கும் இவை ஒன்றுக்கும் உதவா.

இதைக் கண்டு, கல்லின் சுவை வேர்வழியே பழத்தில் ஏறுகிறது என்று பலர் சொல்லி வந்தனர். அது சரியன்று. கல்லில் உள்ள தாது அப்படியே நாக்குக்குத் தெரியும் சுவையாகப் பழத்துக்குள் வருவதில்லை. மண் வேலை செய்வது முக்கியமாக இரண்டு வழிகளில்: நீர், வெப்பம். கூழாங்கல் நிலத்தில் வடிகால் அதிகம். கொடிக்கு நீர் கொஞ்சம் போதாமலேயே இருக்கும். இப்படிச் சற்றே தாகத்தோடு வளரும் கொடியில் பழம் சிறுத்து, சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடுகிறது. நிறமும் துவர்ப்பும் மணமும் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. ஷாம்பெயினின் சுண்ணாம்புப் பாறை பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கும். மோசல் பகுதியின் பலகைக்கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெளிவிடும். குளிர்நாட்டில் ரீஸ்லிங் இரகம் பழுப்பதற்கு அந்தச் சூடு உதவுகிறது.

தழைச்சத்தும் அப்படித்தான். அளவுக்கு மிஞ்சி இட்டால் கொடி தழைத்து, இலை நிழலில் குலை மூடிப் பழம் சரியாகப் பழுக்காது. பூக்கும் முன் மாந்தோப்புக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லும்போது சிலர் மனமின்றித் தலையாட்டுவதைக் கண்டிருக்கிறேன். பயிரைக் கொஞ்சம் வாடவிடுவதும் ஒரு சாகுபடி முறைதான்.

இரவுக் குளிர் மற்றொரு காரணம். பழத்திலுள்ள புளிப்பு அமிலத்தில் ஒரு பகுதி சுவாசத்தில் எரிந்து போகிறது. இரவு சூடாக இருந்தால் அதிகம் எரியும். எனவே குளிர்ந்த ஷாம்பெயினில் பழம் புளிப்போடு நிற்கிறது; வெப்ப நாடுகளில் சர்க்கரை ஏறும்போதே புளிப்பு இறங்கிவிடுகிறது. அர்ஜென்டினாவின் மெண்டோசா உழவர்கள் ஆண்டிஸ் மலைப்பனி உருகி வரும் நீரைப் பாய்ச்சி, உயரமான இடங்களில் தோட்டம் வைத்து இக்குறையைச் சரிக்கட்டுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் நாசிக் உழவர்கள் வேறு வழி கண்டனர். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு கவாத்து செய்து, குளிர்மாதங்களில் பழம் முதிருமாறு அமைத்துக் கொண்டனர்.

பெயருக்காக நடந்த போராட்டங்கள்

மண்ணும் பருவமும் இருந்துவிட்டால் பெயர் தானே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வந்த பெயரைக் கலப்படம் தின்றுவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் டோரோ பள்ளத்தாக்கிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான போர்ட் ஒயினில், நிறத்துக்காக எல்டர் என்னும் செடியின் கறுத்த பழச்சாற்றைக் கலந்தனர். குட்டு வெளிப்பட்டு விலை சரிந்தது. அடிபட்டவர்கள் உழவர்களே. போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் பிரபு 1756ஆம் ஆண்டில் போர்ட் ஒயின் வட்டாரத்தின் எல்லையை வரையறுக்க ஏற்பாடு செய்தார். எல்லை நெடுகக் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. வட்டாரத்துக்குள் இருந்த எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கும்படி ஆணை பிறந்தது. கலப்படம் செய்தவரைத் தேடிப் பிடிப்பதோடு நில்லாமல், கலப்படப் பொருளே ஊரில் விளையக்கூடாது என்று அவர் தீர்மானித்தது கவனிக்கத்தக்கது. இத்தாலியின் கியாந்திப் பகுதிக்கு 1716லும், ஹங்கேரியின் தோகாய்ப் பகுதிக்கு 1737லும் இவ்வாறே அரசாணைகள் எல்லை வகுத்தன.

ஷாம்பெயினில் நடந்தது இன்னும் கடுமையானது. 1910இல் பனியாலும் நோயாலும் மகசூல் அநேகமாக இல்லாமல் போயிற்று. வணிகர்களோ வெளி மாவட்டங்களிலிருந்து மலிவான ஒயினை இறக்கி, ஷாம்பெயின் என்ற பெயரிலேயே விற்றுக் கொண்டிருந்தனர். 1911 ஜனவரியில் உழவர்கள் பொறுமை இழந்து, வணிகர் கிடங்குகளை உடைத்துப் பீப்பாய்களை மார்ன் ஆற்றில் உருட்டினர். ஏப்ரலில் அய் என்னும் ஊர் தீப்பற்றி எரிந்தது. இராணுவம் வரவேண்டியதாயிற்று. இதற்கிடையே, எல்லைக்கு வெளியே விடப்பட்ட ஓப் மாவட்டத்தார் தங்களையும் சேர்க்க வேண்டுமெனத் தனியே கிளர்ச்சி செய்தனர். 1927ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைச் சேர்த்துக் கொண்டது. 1935இல் பிரான்ஸ் முழுவதற்குமாக ஊர்ப்பெயர்க் காப்புச் சட்டம் வந்தது.

அந்த முறையில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. ஒன்று, உழவர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக் கொண்டது. எந்த இரகம் நடலாம், எப்படிக் கவாத்து செய்யலாம், ஏக்கருக்கு எவ்வளவு மகசூல் எடுக்கலாம் என்பதெல்லாம் விதியில் உண்டு. ஷாம்பெயினில் 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே ஷாம்பெயினுக்கென எடுக்கலாம். இன்னும் அழுத்தினால் சாறு வரும். ஆனால் அது அந்தப் பெயருக்கு உதவாது. இரண்டாவது, 1941இல் திராட்சை உழவர்களும் ஒயின் நிறுவனத்தாரும் ஒரே மேசையில் அமரும் கூட்டுக்குழு ஒன்று அமைந்தது. பெயரைக் காப்பதும், பழம் விளைவிப்போருக்கும் வாங்குவோருக்கும் இடையிலான பிணக்கைத் தீர்ப்பதும் அதன் பணி. பழம் கொடுப்பவருக்கு அங்கே நாற்காலி உண்டு என்பதுதான் செய்தி. ஷாம்பெயின்காரர்கள் தங்கள் பெயரைச் சென்னையிலுள்ள நமது புவிசார் குறியீட்டுப் பதிவகத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரைக் காக்க அவர்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலைக்கு அப்பால் பன்னீர்த் திராட்சை

ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கே தெரியும் மலைத்தொடரில் செண்பகத்தோப்பும் சாம்பல்நிற அணில் சரணாலயமும் உள்ளன. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் இம்மலைகளை வடக்கே மேகமலையோடு இணைக்கிறது. அந்த மேகமலையின் மறுபுறச் சரிவில் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. நம் மாநிலத்தின் திராட்சை வட்டாரம்.

அங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1895 முதல் பெரியாற்று நீர் பள்ளத்தாக்கின் வழியே வைகைக்கு இறங்குகிறது. இரு புறமும் மலை, நல்ல வடிகால், கைக்கு எட்டும் நீர் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பந்தல் போட்டுக் கொடியேற்றி, கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை செய்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைத்துக்கொள்வதால் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். இது உலகின் பெரும் ஒயின் வட்டாரங்கள் எதற்கும் இல்லாத வசதி. ஆனைமலையன்பட்டியில் நமது பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் செயல்படுகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்பழத்தில் ஒயின் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒயினுக்குச் சாதாரணமாக 22 முதல் 24 பிரிக்ஸ் வரை சர்க்கரை ஏறிய பழம் தேவை. ஒரு பிரிக்ஸ் அளவு ஏறத்தாழ அரை சதவீதத்துக்குச் சற்று மேலான சாராயத்தைத் தரும். உண்பதற்கென 16, 18 பிரிக்ஸில் பறிக்கும் பழத்தில் செய்தால் ஒயின் மெலிந்து, வைத்திருக்கத் தாங்காது. தோல் மெல்லியது, துவர்ப்பும் குறைவு. இதன் சிறப்பு மணந்தான். அம்மணம் சாறாகவும் பழக்கூழாகவும் செய்யும்போது நன்கு வெளிப்படும். இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும்: உரிமமின்றி வீட்டிலோ தோட்டத்திலோ ஒயின் புளிக்க வைப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும்.

எதோடு எது சேரும்?

ஒயின் வட்டாரத்தார் தங்கள் பொருளை விற்ற விதத்தில் மற்றொரு சாமர்த்தியம் உண்டு. ஒயினைத் தனியே விற்கவில்லை. இன்ன உணவோடு இன்ன ஒயின் என்று இணைத்தே ஊரார் வழக்கம் இருந்தது, அவ்வழக்கமே விளம்பரமாயிற்று. பிரான்சின் சப்லிப் பகுதி மண்ணில் பழங்காலச் சிப்பிகளின் ஓடுகள் புதைந்து கிடக்கின்றன. அங்கு விளையும் புளிப்பான வெள்ளை ஒயினைக் கடற்சிப்பி உணவோடு பரிமாறுவது வழக்கம். ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் பகுதியின் உலர்ந்த ஷெர்ரி ஒயின், உப்பிட்ட ஆலிவ் காயோடும் பன்றி இறைச்சியோடும் செல்லும். சோத்தெர்ன் என்ற இடத்தில் ஆற்று மூடுபனியால் பழத்தில் ஒருவகைப் பூசணம் படிந்து, நீர் வற்றிச் சர்க்கரை திரளும். பூசணம் பிடித்ததென்று குப்பையில் கொட்டாமல் அதையே தேன்போன்ற ஒயினாக்கி, உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு சேர்த்தார்கள்.

இவற்றுக்குப் பின்னால் உள்ள விதிகள் எளியவை. நம் அடுப்படிக்குப் புதியவையும் அல்ல. கொழுப்புக்குப் புளிப்பு துணை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு வெங்காயமும் எலுமிச்சையும் கேட்கிறோமே, அதே காரணத்தால்தான் பொரித்த உணவோடு புளிப்பான ஒயினை வைக்கிறார்கள். துவர்ப்பைப் புரதம் அடக்கும். துவர்ப்பான சிவப்பு ஒயின் இறைச்சியோடு மென்மையாவதும், கடுந்தேநீர் பால் விட்டதும் மென்மையாவதும் ஒரே வேதியியல். காரம் மட்டும் ஒயினுக்குச் சிக்கல். சாராயமும் துவர்ப்பும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். ஆகவே கார உணவுக்குச் சற்று இனிப்பான, சாராயம் குறைந்த ரீஸ்லிங் வகையைச் சொல்வர். நாம் காரத்துக்கு மோரும் தயிரும் வைத்திருப்பது இதைவிடச் சிறந்த ஏற்பாடு என்பது என் கருத்து. இனிப்புப் பண்டத்தோடு வைக்கும் ஒயின் அப்பண்டத்தைவிடக் குறையாத இனிப்பு உடையதாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒயின் புளித்துத் தெரியும்.

இனிப்பும் உப்பும் சேரும் விதிக்கு நம் மாவட்டத்திலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் காரச்சேவும். பால்கோவா இரண்டு வாய்க்கு மேல் திகட்டும். இடையில் நாலு சேவைக் கடித்துக்கொண்டால் நாக்கு மறுபடி தயாராகிவிடும். மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தில் பால், கிழக்கே கரிசல் காட்டு ஊரில் சேவு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, எங்கே விளைந்த பாலில் யார் செய்தது என்று எழுதி விற்கும் முயற்சியை ஏதேனும் ஒரு கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ செய்யலாம். அதேபோல் பழுத்த சப்பட்டை மாம்பழத்தோடு தயிர்ச்சோறு, கிளிமூக்கு மாங்காயோடு உப்பும் மிளகாய்ப்பொடியும், பால்கோவாவுக்குப் பிறகு சர்க்கரை போடாத சுக்குக் காப்பி என்று நம்மிடமும் இணைகள் ஏராளம். அவற்றைப் பெட்டியின் மேல் எழுதிவைக்கத்தான் நாம் பழகவில்லை.

பால்கோவாவும் பால் கொடுப்பவரும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால் பண்டத்தோடு உறவு நெடுங்காலத்தது. ஆண்டாளே தம் நாச்சியார் திருமொழியில் அக்காரவடிசிலைக் குறிப்பிடுகிறார். பால்கோவா அவ்வளவு பழமையானதன்று. ஆனால் இவ்வூருக்குப் பிழைப்புத் தருவதில் அதற்கு இணையானது வேறு குறைவே. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

செய்முறை மிக எளிது. பசும்பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. அகன்ற இருப்புச் சட்டியில் ஊற்றி, விடாமல் கிளறிச் சுண்ட வைக்கிறார்கள். சூட்டில் பாலின் புரதமும் பால் சர்க்கரையும் வினைபுரிந்து இளம்பழுப்பு நிறமும் மணமும் உண்டாகின்றன. விறகடுப்பின் இலேசான புகைமணமும் சேரும். ஒயினுக்கு ஓக் மரப்பீப்பாய் எப்படியோ அப்படியே இதற்கு அடுப்பும் சட்டியும் என்று கொள்ளலாம். அவை மண்ணைச் சேர்ந்தவை அல்ல, கைப்பழக்கத்தைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டே பொருளில் செய்யும் பண்டத்தில் ஒன்று சர்க்கரை என்றால், ஊரின் பெயர் முழுவதும் மற்றொன்றின் தலையில்தான் நிற்கிறது. அந்த மற்றொன்று உங்கள் தொழுவத்திலிருந்து போவது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் பால் ஏறத்தாழ 10.3 கிலோ எடை இருக்கும். பசும்பாலுக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 3.2 சதவீதக் கொழுப்பு, 8.3 சதவீதக் கொழுப்பற்ற திடப்பொருள்; ஆகமொத்தம் 11.5 சதவீதம். அப்படியானால் 10 லிட்டரில் திடப்பொருள் 1.18 கிலோ. நன்கு தீனி போட்டு வளர்த்த மாட்டின் பாலில் இது 13 சதவீதம் என்றால் 1.34 கிலோ. வித்தியாசம் 150 கிராமுக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 100 லிட்டர் காய்ச்சும் கடைக்கு இதனால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பண்டம் கூடுதலாகக் கிடைக்கும். கிளறும் நேரமும் விறகும் குறையும். இந்த ஆதாயத்தில் ஒரு பங்கைக் கேட்கும் நியாயம் பால் ஊற்றுபவருக்கு உண்டு. லிட்டர் கணக்கில் மட்டும் விலை பேசாமல், கொழுப்பையும் திடப்பொருளையும் அளந்து விலை தரும் இடத்தில் பாலை ஊற்றுங்கள். அல்லது ஊற்றும் இடத்தில் அவ்வாறு அளக்கும்படி கேளுங்கள்.

புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, எல்லோருக்கும் பங்கு வருமே என்று எண்ணிவிடக் கூடாது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, பெயர் பதிவான பின் அதைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்து கொள்ள வேண்டும். பால்கோவாவைப் பொறுத்தவரை அதைச் செய்பவரே பதியலாம். வெறும் பால் ஊற்றுபவர் பெயர் அதில் தானாக ஏறாது. ஷாம்பெயினில் உழவருக்குக் கிடைத்த நாற்காலி இங்கே இன்னும் போடப்படவில்லை என்பது என் எண்ணம். அதைப் போட்டுக்கொள்ள எளிய வழி, உழவர்களே சங்கமாகவோ குழுவாகவோ சேர்ந்து தம் பாலின் ஒரு பகுதியைத் தாமே பால்கோவாவாக்குவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கூட்டுறவுச் சங்கம் பால்கோவா செய்து விற்பது இதற்கு முன்மாதிரி. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, பின்னர் பயனாளர் விண்ணப்பம் அனுப்பலாம். கட்டணம் மிகக் குறைவு.

தொழுவத்தில் கவனிக்க வேண்டியவை

பால் தன்னருகில் உள்ள வாசனையை எளிதில் பற்றிக்கொள்ளும். முட்டைக்கோஸ் கழிவு, முள்ளங்கி இலை, வெங்காயத்தாள், ஊறுகாய்ப்புல் ஆகியவற்றைக் கறவைக்கு முன் கொடுத்தால் வாடை பாலில் ஏறும். சாதாரணமாகக் குடிக்கும்போது இது தெரியாமல் போகலாம். பத்து லிட்டரை மூன்று கிலோவாகச் சுண்டவைத்தால் வாடையும் மிகுந்து நிற்கும். இவற்றைக் கறந்து முடித்த பின் கொடுப்பதே முறை. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு அறவே கூடாது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நச்சு மாட்டின் உடல் வழியே பாலுக்கு வந்துவிடும். ஒயின்காரன் பூசணத்தைக் காசாக்கினான் என்று படித்ததை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பசுந்தீவனத்துக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லோடு வேலிமசால் அல்லது குதிரைமசால் கலந்து கொடுக்க வேண்டும். பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு ஆகியவற்றுடன் தாது உப்புக் கலவையும் சேர்வது அவசியம். காய்ந்த தட்டையும் வைக்கோலும் முற்றிலும் குறைந்தால் பாலில் கொழுப்பு இறங்கும். மழைக்குப் பின் புல் மிகுந்த மாதங்களில் பலர் வைக்கோலை மறந்துவிடுவதைக் காண்கிறோம்.

கறந்த பால் புளிப்பேறினால் சூட்டில் திரியும், பால்கோவாவுக்கு ஆகாது. நம் ஊர்க் கோடையில் மாலைப் பால் விரைவில் கெடும். கேனை வெந்நீரில் கழுவி வெயிலில் காய வைத்து, நனைத்த சாக்கைச் சுற்றி, நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சோதனைக் குழாயிலோ சிறு கரண்டியிலோ கொஞ்சம் பாலைக் கொதிக்க வைத்துப் பாருங்கள். திரிந்தால் அந்தக் கேனைத் தனியே ஒதுக்குங்கள். நல்ல பாலோடு கலந்து சரிக்கட்ட முயன்றால் எல்லாம் போகும்.

பால்கோவா செய்யத் தொடங்கும் குழுவினர் மாவுக் கலப்படத்தைக் கண்டறியவும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஊர்ப்பெயர் போட்டு வெளியூரில் விற்கும் பண்டத்தில் சிறு துண்டை எடுத்து, சிறிது நீரில் கொதிக்க வைத்து, நன்கு ஆறிய பின் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட வேண்டும். நீலநிறம் காட்டினால் அதில் மாவு கலந்திருக்கிறது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் சரியாகத் தெரியாது. இவ்வாறு கண்டதை, வாங்கிய இரசீதோடு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம்.

மாந்தோப்பு உடைய இராஜபாளையம் பகுதி உழவர்களுக்கு ஒரு வேலை. சப்பட்டை, பஞ்சவர்ணம் ஆகியவற்றின் பழைய தாய்மரங்கள் எந்தத் தோப்பில், எந்த மண்ணில், எத்தனை வயதில் நிற்கின்றன என்று குறித்து வையுங்கள். பூத்த நாள், முதல் பறிப்பு நாள், காயின் எடை ஆகியவற்றையும் ஆண்டுதோறும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒட்டுக்கன்று எடுப்பவர்கள் அம்மரங்களிலிருந்தே ஒட்டுக்குச்சி எடுக்க வேண்டும்; சந்தையில் பெயர் சொல்லி விற்கும் கன்றுகளில் எது எதுவென்று காய்க்கும்வரை தெரியாது. வருங்காலத்தில் ஊர்ப்பெயருக்குப் பதிவு கேட்டுப் போகும் நாளில், பதிவகம் முதலில் கேட்பது இந்த விவரங்களைத்தான்.